வேம்பயர் துணைநூலை எடைபோடுவது எப்படி: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

வேம்பயர்: தி மாஸ்கரேட் என்பது மனிதர்களுக்கு நடுவே ஒளிந்து வாழும் வேம்பயர்களாக நடித்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்து டைஸ் உருட்டி ஆடும் கதையாட்டம். அதை ஆடத் தொடங்கிய குழுவுக்கு நாலாவது ஐந்தாவது செஷன் வாக்கில் ஒரு ஆசை வரும். விதிகள் இருக்கும் மூலநூலை ஓரளவு படித்தாயிற்று, ஊரும் ஆட்களும் பழகிவிட்டார்கள், இனி புதுசாக ஏதாவது வேண்டும். ஆன்லைன் கடையைத் திறந்தால் நூற்றுக்கணக்கான தலைப்புகள் வரிசை கட்டி நிற்கும். 1991-இல் ஒயிட் வுல்ஃப் வெளியிட்ட ஆட்டம் இது, முப்பது வருடங்களுக்கு மேலாகத் துணைநூல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அட்டை எல்லாமே சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும். விலையோ நம் ஊர்ப் பணத்துக்கு மாற்றிப் பார்த்தால் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

நான் பல வருடமாக ஸ்டோரிடெல்லராக, அதாவது மேசையில் கதையை நடத்துபவனாக, இருக்கிறேன். வாங்கி அலமாரியில் தூங்கும் புத்தகங்களும் உண்டு, கிழியும்வரை புரட்டியவையும் உண்டு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தபோது, எழுத்தின் அழகோ படங்களோ காரணமில்லை என்று தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை மேசையில் உட்காரும்போது இந்தப் புத்தகத்திலிருந்து எதை எடுத்து வைப்பேன் என்ற கேள்விக்குப் பதில் இருந்தவை மட்டுமே பயன்பட்டன. கீழே இருக்கும் எல்லாப் படிகளும் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கான வழிகள்தான்.

முதல் படி: எந்தப் பதிப்பு?

இதை முதலில் பாருங்கள். முதல் பதிப்பு 1991, இரண்டாவது 1992, ரிவைஸ்டு பதிப்பு 1998, இருபதாம் ஆண்டுப் பதிப்பு 2011, ஐந்தாம் பதிப்பு 2018. இடையில் 2004-இல் வந்த வேம்பயர்: தி ரெக்வியம் முழுக்க வேறு ஆட்டம். சில கிளான் (வேம்பயர் குலம்) பெயர்கள் ஒன்றாக இருக்கும், உலகமும் வரலாறும் வேறு. முதல் நான்கு பதிப்புகளுக்குள் புத்தகங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்த முடியும், சின்னத் திருத்தம் போதும். ஐந்தாம் பதிப்புதான் பெரிய உடைப்பு.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். மாதிரிப் பக்கங்களில் ஏதாவது ஒரு கேரக்டரின் விவரத்தைப் பாருங்கள். அதில் பிளட் பூல் (ரத்தக் கையிருப்பு) என்று இருந்தால் பழையது. ஹங்கர் (பசி), பிளட் பொட்டென்சி (ரத்தத்தின் வலிமை), ரௌஸ் செக் (பசி கூடுமா என்று உருட்டிப் பார்ப்பது) என்று வந்தால் ஐந்தாம் பதிப்பு. தலைப்பை மட்டும் நம்பக்கூடாது. சிகாகோ பை நைட் என்ற பெயரில் 1991-இல் ஒரு புத்தகம், 1993-இல் இரண்டாம் பதிப்பு, பிறகு ஐந்தாம் பதிப்புக்கு இன்னொன்று என்று மூன்று இருக்கின்றன. முதல் புத்தகத்தில் நகரத்தை ஆளும் வேம்பயரான பிரின்ஸ் லோடின், கடைசியில் கெவின் ஜாக்சன். நான் ஒரு முறை செகண்ட்ஹேண்டாக ஒரு நகர நூலை அட்டைப் படம் கூடப் போடாத ஒரு விற்பனையாளரிடம் வாங்கி, தபால் வந்து பிரித்த பிறகுதான் நாங்கள் ஆடும் பதிப்பு இல்லை என்று பார்த்தேன். திருப்பி அனுப்பும் செலவு புத்தக விலையைத் தாண்டியது. அதிலிருந்து, உள்பக்கம் ஒன்றின் படம் அனுப்பாத யாரிடமும் வாங்குவதில்லை.

பதிப்பகத்தின் பெயரையும் கவனியுங்கள், ஏனென்றால் எழுதும் கை மாறியிருக்கிறது. ஒயிட் வுல்ஃப் நிறுவனத்தை 2006-இல் சிசிபி வாங்கியது, 2015-இல் பாரடாக்ஸ் வாங்கியது. ஐந்தாம் பதிப்பிலேயே சில நூல்கள் ஒயிட் வுல்ஃப், சில மொடிஃபியஸ், சில ஆனிக்ஸ் பாத், பிறகு வந்தவை ரெனிகேட். எல்லாவற்றிலும் ஒரே லோகோ இருந்தாலும் குணம் வேறு. ஆனிக்ஸ் பாத் நூல்களில் ஆட்களும் கதைக் கண்ணிகளும் நிறைய என்பது என் அனுபவம்.

இரண்டாம் படி: உங்கள் மேசையில் என்ன குறை?

கடையை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள். கடந்த மூன்று செஷன்களில் எந்த இடத்தில் மூலநூலைப் புரட்டி ஒன்றும் கிடைக்காமல் நின்றீர்கள் என்று எழுதுங்கள். எங்கள் குழுவில் நான் அப்படி எழுதியபோது வந்தவை இவை: ட்ரெமியர் என்ற மந்திரவாதிக் கிளானை ஆடும் தம்பிக்குப் புதிய ரிச்சுவல் (ரத்த மந்திரச் சடங்கு) இல்லை, எலிசியம் என்ற வேம்பயர்களின் பொது இடத்தில் கூடும்போது பேச ஐந்து பேருக்கு மேல் எனக்கு ஆள் இல்லை, வேட்டைக் காட்சிகள் எல்லாம் ஒரே மாதிரி வருகின்றன. முதல் இரண்டும் இரண்டு வகைப் புத்தகம் கேட்கும் குறைகள். மூன்றாவதற்குப் புத்தகமே தேவைப்படவில்லை. மூலநூலில் இருக்கும் பிரிடேட்டர் டைப்பையும் (வேட்டையாடும் விதம்) ரெசொனன்ஸ் பகுதியையும் (இரையின் மனநிலை ரத்தத்தில் ஏறுவது) மறுபடி நிதானமாகப் படித்தேன், கோபத்தில் இருப்பவனின் ரத்தமும் துயரத்தில் இருப்பவனின் ரத்தமும் வேறு வேறு டிசிப்ளினுக்கு (வேம்பயர் சக்திக்கு) உதவும் என்பதை வேட்டையில் கொண்டுவந்ததும் சரியாகிவிட்டது.

இன்னொரு கேள்வியும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இதை யார் படிக்கப் போகிறார்கள்? பிளேயர்கள் படிக்கும் நூலில் ரகசியங்கள் இருந்தால் ஆட்டம் கெடும். ஸ்டோரிடெல்லர் மட்டும் படிக்கும் நூலில் பாதிக்கு மேல் கேரக்டர் தேர்வுகள் இருந்தால் பணம் வீண். பல நூல்கள் இரண்டையும் கலந்துதான் தருகின்றன, பிடிஎஃப் வாங்கினால் பிளேயர்களுக்குத் தேவையான நாலு பக்கத்தை மட்டும் மேசையில் காட்டலாம்.

மூன்றாம் படி: ஏற்கெனவே கையில் இருப்பதை மறுபடி வாங்காதீர்கள்

ஐந்தாம் பதிப்பின் மூலநூலில் ஏழு கிளான்கள், அதோடு கிளான் இல்லாத கைட்டிஃப், ரத்தம் நீர்த்துப்போன தின்பிளட். மீதிக் கிளான்கள் ஒவ்வொன்றாகச் சிதறி வந்தன. பனு ஹக்கீம் கமரில்லா நூலில், மினிஸ்ட்ரி அனார்க் நூலில், லசோம்ப்ரா சிகாகோ பை நைட்டில், ஹெகாட்டா கல்ட்ஸ் ஆஃப் தி பிளட் காட்ஸில். ராவ்னோஸ், சலூப்ரி, சிமீஷி மூன்றும் 2020 கடைசியில் இலவசமாகக் கொடுத்த கம்பேனியன் பிடிஎஃப்பில். அப்புறம் வந்த பிளேயர்ஸ் கைடு இந்தக் கிளான்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டது. ஆக, ஒருவர் லசோம்ப்ரா ஆட வேண்டும் என்று கேட்டார் என்பதற்காக மட்டும் சிகாகோ நூலை வாங்காதீர்கள். சிகாகோ வேண்டும் என்றால் சிகாகோவுக்காக வாங்குங்கள். சலூப்ரி கேட்டால் முதலில் இலவச பிடிஎஃப்பை இறக்குங்கள்.

பின்னட்டை யாருக்காக எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பொறுமையாகப் படிக்க வேண்டும். 2021-இல் சபாட்: தி பிளாக் ஹேண்ட் வந்தபோது சபாட் என்ற கொடூரமான வேம்பயர் பிரிவின் கேரக்டர் ஆடலாம் என்று நினைத்து வாங்கிய பலர் வருத்தப்பட்டார்கள், அந்த நூல் சபாட்டை எதிரிகளாகத்தான் எழுதுகிறது. எதிரி வேண்டும் என்று தேடிய எனக்கு அது பயன்பட்டது. நூல் மோசமா நல்லதா என்பதைவிட, எதற்காக எழுதப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவது முக்கியம்.

நான்காம் படி: மாதிரிப் பக்கங்களைப் படிக்கும் விதம்

பிடிஎஃப் விற்கும் தளங்களில் பெரும்பாலும் மாதிரி கிடைக்கும். முன்னுரைக் கதையைத் தாண்டிவிடுங்கள், அது எல்லா நூலிலும் நன்றாகத்தான் இருக்கும். பொருளடக்கத்துக்குப் போய் எந்த அத்தியாயத்துக்கு எத்தனை பக்கம் என்று கூட்டுங்கள். வரலாறு பாதியைத் தின்றுவிட்டு இன்றைய இரவுக்குப் பத்துப் பக்கம்தான் மிச்சம் என்றால் அது படிக்கும் புத்தகம், ஆடும் புத்தகம் இல்லை. படிக்கவே வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள், நானும் வாங்குவேன்.

ஐந்தாம் படி: ஒரு பவரை எடுத்து டைஸ் உருட்டிப் பாருங்கள்

புதிய டிசிப்ளின் பவர்கள் இருக்கும் நூல் என்றால் இந்தப் படியை விடவே கூடாது. ஒரு புத்தகம் ஆட்டத்தைக் கெடுக்கப் போகிறது என்றால் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் கெடுக்கும்.

முதலில் விலை. மூலநூலில் லெவல் 1 பவர்கள் பெரும்பாலும் இலவசம். மேலே போகப் போக ரௌஸ் செக் கேட்கும். ரௌஸ் செக் என்றால் ஒரு பத்துப் பக்க டைஸ், 6 அல்லது அதற்கு மேல் வந்தால் தப்பித்தீர்கள், கீழே வந்தால் ஹங்கர் ஒன்று கூடும். சரிபாதி வாய்ப்பு. ஆக ஒரு இரவில் ஒரு பவரை நான்கு தடவை பயன்படுத்தினால் சராசரியாக ஹங்கர் இரண்டு கூடும். ஹங்கர் 2-இல் எழுந்தவன் 4-க்கு வந்து நிற்பான், வேட்டைக்குப் போயே ஆக வேண்டும். இந்த ஆட்டத்தின் இதயம் அந்த வேட்டைதான். ஒரு புதிய பவர் மூலநூலில் அதே லெவலில் இருப்பதைவிடப் பலமாகவும் இருந்து, ரௌஸ் செக்கும் கேட்கவில்லை என்றால் அது பசியையே ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுகிறது. அதை நான் சேர்ப்பதில்லை, இல்லையென்றால் ஒரு ரௌஸ் செக் போட்டுச் சேர்ப்பேன்.

அடுத்து, சாதாரண கேரக்டரை வைத்து உருட்டுங்கள். ஆட்ரிபியூட் 3, டிசிப்ளின் அல்லது ஸ்கில் 3, மொத்தம் ஆறு டைஸ், ஹங்கர் 3 என்பதால் அதில் மூன்று ஹங்கர் டைஸ் என்று வையுங்கள். ஒவ்வொரு டைஸிலும் 6 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. டிஃபிகல்ட்டி 3 (மூன்று வெற்றி தேவை) என்றால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு முறை ஜெயிப்பீர்கள். தோற்கும்போது ஹங்கர் டைஸில் ஒரு 1 இருந்தால், உள்ளிருக்கும் மிருகம் வெளியே வரும் பீஸ்டியல் ஃபெயிலியர். ஜெயிக்கும்போது இரண்டு 10 வந்து அதில் ஒன்றாவது ஹங்கர் டைஸாக இருந்தால் மெஸ்ஸி கிரிட்டிகல், பெரிய வெற்றிதான், ஆனால் அலங்கோலமாக முடியும். இப்போது புத்தகத்தை மூடிவிட்டு யோசியுங்கள்: இந்தப் பவரில் மெஸ்ஸி கிரிட்டிகல் வந்தால் என்ன நடக்கும்? உடனே ஒரு காட்சி மனதில் வந்தால் பவர் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. பிரசன்ஸ் என்ற மயக்கும் டிசிப்ளினை வைத்து ஒருவனை மயக்கப் போய் மெஸ்ஸி கிரிட்டிகல் வந்தால், மயங்கியவன் பொது இடத்தில் காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுகிறான், வேம்பயர்கள் மனிதர்களிடமிருந்து மறைந்திருக்க வேண்டும் என்ற மாஸ்கரேட் விதியே ஆட்டம் காண்கிறது. கதை தானே ஓடும். சில பவர்களில் டைஸே இல்லை, எதிராளிக்குத் தடுக்க வழியும் இல்லை, பயன்படுத்தினேன் உண்மை தெரிந்துவிட்டது என்று முடிந்துபோகும். நான் மூன்று செஷனாகக் கட்டிய மர்மம் ஒரு வரியில் கரைந்துவிடும். அப்படிப்பட்டதை மேசைக்குக் கொண்டுவரும் முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

மூன்றாவது, யாருக்கு எட்டும்? அமால்கம் பவர்களுக்கு இரண்டு டிசிப்ளின் வேண்டும், உங்கள் மேசையில் அந்த இரண்டும் உள்ளவர் யாராவது இருக்கிறாரா? சொந்தக் கிளான் டிசிப்ளினுக்கு லெவலை ஐந்தால் பெருக்கிய எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), லெவல் 3 என்றால் 15. செஷனுக்கு 2 எக்ஸ்பி கொடுக்கும் குழுவில் அது எட்டு செஷன். மாதம் இரண்டு முறை கூடும் எங்களைப் போன்றவர்களுக்கு நான்கு மாதம். லெவல் 5 என்றால் 25. அட்டகாசமான லெவல் 5 பவர்களுக்காகவே ஒரு நூலை வாங்கினால் அவற்றை மேசையில் பார்க்க ஒரு வருடம் ஆகலாம், குழு அதுவரை சேர்ந்திருக்க வேண்டும். அதனால் நான் லெவல் 1, 2 பவர்களையும், லெவலை மூன்றால் பெருக்கினால் கிடைத்துவிடும் ரிச்சுவல்களையும்தான் முதலில் படிப்பேன். ட்ரெமியர் தம்பிக்கு அதுதான் பயன்பட்டது. லெவல் 1 ரிச்சுவல் மூன்று எக்ஸ்பி, இரண்டாவது செஷனிலேயே கையில்.

கடைசியாக, அதே பவரைச் சக பிளேயரின் கேரக்டர் மேல் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று பாருங்கள். வேம்பயர் குழுக்களில் இது எப்படியும் நடக்கும். எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று நூல் தெளிவாகச் சொல்லவில்லை என்றால் சண்டை மேசைக்கு வெளியே வந்துவிடும்.

ஆறாம் படி: நகர நூலில் கண்ணை மூடி ஒரு ஆளைத் தொடுங்கள்

நகர நூல்களின் உயிர் ஆட்கள்தான். ஏதாவது ஒரு பக்கத்தைத் திருப்பி, வருகிற ஆளைப் பற்றி மூன்று கேள்வி கேளுங்கள். இன்று இரவு இவனுக்கு என்ன வேண்டும்? நம் கோட்டரியிடம் (பிளேயர்களின் கேரக்டர் கூட்டத்திடம்) கொடுக்க இவனிடம் என்ன இருக்கிறது? இவன் சாம்பலானால் யார் சந்தோஷப்படுவார்கள்? மூன்றுக்கும் அந்தப் பக்கத்திலேயே பதில் இருந்தால் அந்த ஆளை முன்தயாரிப்பு இல்லாமல் மேசையில் இறக்கலாம். பிறந்த நூற்றாண்டு, யார் வேம்பயராக்கினார், எந்தப் போரில் இருந்தார் என்று மட்டும் இருந்தால் மீதியை நீங்கள்தான் எழுத வேண்டும். நான் ஐந்து ஆட்களை இப்படித் தொட்டுப் பார்ப்பேன், மூன்று பேராவது தேறினால் வாங்குவேன்.

பழைய சிகாகோ நூல்கள் இத்தனை வருடம் கழித்தும் பேசப்படுவதற்கு இதுதான் காரணம். மேலே பிரின்ஸும் அவனுக்கு எதிரானவர்களும் அரசியல் செய்கிறார்கள். அடியில் ஹெலனா, மெனெலே என்ற இரண்டு ஆதிகாலத்து எதிரிகள் யாருக்கும் தெரியாமல் மற்றவர்களைக் காய்களாக நகர்த்துகிறார்கள். மேல்தட்டில் ஒரு ஆளை இழுத்தால் அடியில் வேறொரு நூல் அசைகிறது. அந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் நகரத்தின் பெயரை அழித்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் நடலாம். நகரப் பெயரை அழித்த பிறகும் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பதும் நல்ல சோதனை. தெருப் பெயர்களும் கட்டடங்களும் மட்டும்தான் இருந்தன என்றால் அதை வரைபடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம், எண்ணிக்கை. லட்சம் மனிதருக்கு ஒரு வேம்பயர் என்பது இந்த ஆட்டத்தின் பழைய கணக்கு. முப்பது லட்சம் பேர் உள்ள ஊரில் முப்பது பேர். ஒரு நூல் அறுபது பேரைத் தருகிறது என்றால் எல்லோரையும் மேசைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை, ஏழெட்டுப் பேரை எடுங்கள், மீதிப் பேர் வதந்தியாக இருக்கட்டும்.

ஏழாம் படி: மெட்டாப்ளாட் உங்கள் கதையைத் தின்னுமா?

இந்த உலகத்துக்குத் தனியாக ஒரு பெரிய கதை ஓடிக்கொண்டிருக்கிறது, அதைத்தான் மெட்டாப்ளாட் என்கிறோம். 2004-இல் கெஹென்னா என்ற வேம்பயர்களின் ஊழி வந்து உலகமே முடிந்தது, பிறகு ஐந்தாம் பதிப்பு வேறு திசையில் தொடர்ந்தது: செகண்ட் இன்க்விசிஷன் என்ற மனிதக் கூட்டணி வேம்பயர்களை வேட்டையாடுகிறது, மூத்தவர்கள் பெக்கனிங் என்ற மர்ம அழைப்பில் மத்திய கிழக்குக்குப் போய்விட்டார்கள், வியன்னாவில் ட்ரெமியர் தலைமையிடம் அழிந்துவிட்டது. ஃபால் ஆஃப் லண்டன் மாதிரி நூலில் முடிவு தலைப்பிலேயே இருக்கிறது, 2012-இல் லண்டன் விழும். பிளேயர்களுக்கும் அது தெரிந்திருந்தால் கேள்வி யார் தப்பிப்பார்கள் என்பதாக மாறும், அதை ரசிக்கிற குழுவுக்கு நல்ல நூல். தங்கள் செயலால் நகரம் மாற வேண்டும் என்று நினைக்கும் குழுவுக்கு ஒத்துவராது. வாங்கும் முன் அவர்களிடமே கேளுங்கள்.

எட்டாம் படி: நிஜ மனிதரின் துயரத்தை நூல் எப்படித் தொடுகிறது?

இதைப் பலர் கடைசியில் கூடப் பார்ப்பதில்லை, எனக்கு இது முக்கியம். திகில் ஆட்டம் இருட்டைத்தான் தொடும், அதில் தப்பில்லை. ஆனால் 2018-இல் கமரில்லா நூலில், செச்னியாவில் ஓரினச்சேர்க்கையாளர்கள் உண்மையாகவே துரத்தப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளாகிக்கொண்டிருந்த நேரத்தில், அது வேம்பயர்களின் மறைப்பு நாடகம் என்று எழுதிவிட்டார்கள். பெரிய எதிர்ப்பு வந்தது, மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை எடுத்தார்கள், நிறுவனத்தையே மாற்றியமைத்தார்கள். அங்கே தவறியது என்னவென்றால், கொடுமை செய்த மனிதர்களின் பொறுப்பைக் கற்பனைப் பேய்களிடம் தூக்கிக் கொடுத்தது. இதே பதிப்பகக் குடும்பத்தில் 1997-இல் ரெய்த் என்ற ஆவிகளின் ஆட்டத்துக்காக யூத இன அழிப்பைப் பற்றி ஒரு துணைநூல் வந்தது. அதைச் செய்தது மனிதர்கள்தான் என்பதில் அந்த நூல் கடைசிவரை உறுதியாக நின்றது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த நூலைப் பிடித்தாலும் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ராவ்னோஸ் இன்னொரு பாடம். பழைய நூல்களில் அந்தக் கிளானை ரோமா மக்களோடு கட்டி, குற்றம் செய்யும் பழக்கத்தை ரத்தத்தில் ஊறிய பலவீனமாக எழுதினார்கள். ஒரு நிஜச் சமூகத்தின் மேல் காலங்காலமாகச் சுமத்தப்பட்ட பழியை அப்படியே விதியாக்கிவிட்டார்கள். ஐந்தாம் பதிப்பில் அது போய், ஒரே இடத்தில் ஏழு இரவுக்குள் மறுபடி பகலுறக்கம் கொண்டால் உடல் எரியும் அபாயம் என்று ஆனது. யாரையும் இழிவுபடுத்தவில்லை, ஆட்டத்துக்கும் அதுதான் சுவை: ஒவ்வொரு விடியலுக்கும் முன்னால் புதுப் படுக்கை தேட வேண்டும், யாரை நம்பிப் படுப்பது என்ற கேள்வி ஒவ்வொரு செஷனிலும் வரும். பழைய நூலை வாங்கினால் ராவ்னோஸ் விஷயத்தில் புதிய விதியை வைத்துக்கொள்ளுங்கள்.

மேசையில் யாருக்கு எது வேண்டாம் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். மூலநூலின் பின்னிணைப்பிலேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள். நூலில் இருக்கிறது என்பதற்காக எதையும் மேசைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

ஒன்பதாம் படி: வாங்கிய பிறகு ஒரு இரவு ஒத்திகை

பிடிஎஃப்பையே முதலில் வாங்குங்கள், தேடவும் வசதி, கனமான அச்சு நூலை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் செலவும் இல்லை. ரசிகர்கள் எழுதி ஸ்டோரிடெல்லர்ஸ் வால்ட்டில் விற்கும் நூல்களுக்கும் இதே படிகள்தான். அங்கே விலை குறைவு, ஆனால் எந்தப் பதிப்புக்கானது என்பதையும் ஐந்தாம் படியையும் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

பிறகு நடந்துகொண்டிருக்கும் குரோனிக்கிளில் (உங்கள் குழுவின் தொடர்கதையில்) நேரடியாகச் சேர்க்காமல், தனியாக ஒரு செஷன் வையுங்கள். புதுக் கேரக்டர்கள், ஒரே இரவு, ஹங்கர் 3-இல் தொடக்கம். நூலிலிருந்து ஒரு ஆள், ஒரு பவர், ஒரு இடம், இந்த மூன்றை மட்டும் எடுங்கள். அதற்கு மேல் எடுத்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஆட்டம் நடக்கும்போது எத்தனை தடவை நூலைத் திறந்து விதி தேடினீர்கள் என்று ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். எங்கள் மேசையில் ஒரு நூலுக்குப் பதினொரு கோடு விழுந்தது, அதன் பவர்களை விட்டுவிட்டோம். ஆனால் அதிலிருந்து எடுத்த ஒரு கிழவி, பிணவறைக் காவலாளிகளுக்குக் கடன் கொடுத்து ரத்தப் பை வாங்குகிறவள், அந்த ஒரே இரவில் எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டாள். செஷன் முடிந்ததும் ட்ரெமியர் ஆடும் தம்பி, "அண்ணா, அந்தப் பாட்டிய நம்ம குரோனிக்கிளுக்குக் கூட்டிட்டு வாங்க, அவகிட்ட எனக்கு ஒரு கடன் இருக்கணும்" என்றான். அடுத்த சனிக்கிழமை அவள் வந்தாள், இன்றைக்கு வரை அந்தக் கடனை அவன் அடைக்கவில்லை.